அப்பாவுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி: அடைமழைக்கு முன்பா, பின்பா?

வயலோரம் (தஞ்சாவூர் மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 67 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான க்ளோபிடோக்ரெல் மாத்திரையும் எடுத்து வருகிறார்.

சென்ற ஐப்பசியில், நடவு முடிந்த வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய், நன்றாக நனைந்து வீடு திரும்பினார்; மறுநாளே காய்ச்சல் கண்டது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கி வந்த மூன்று மாத்திரை 'செட்' ஒன்றை இரண்டு நாள் விழுங்கினார். மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நுரையீரல் வரை இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். ஆறு நாள் உள்நோயாளியாக இருந்தார். சர்க்கரை 400-ஐத் தாண்டி, இன்சுலின் போட்டுத்தான் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, "இனி ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள்" என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது ஆவணி பிறந்துவிட்டது. ஊசி என்றதும் அப்பா, "கொரோனாவுக்கு மூணு ஊசி போட்டாச்சு, இன்னும் எதுக்கு?" என்கிறார். எனக்கும் சில ஐயங்கள் இருக்கின்றன. ஒரு முறை போட்ட ஊசி ஏன் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது? எந்த மாதத்தில் போடுவது சரி? ஒரு கடையில் மூன்று வகைக் கிருமிக்கான ஊசி என்றும், இன்னொரு கடையில் நான்கு வகைக்கானது என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எதை வாங்குவது? கடையில் வாங்கிப் பக்கத்து ஊர் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊர்மருத்துவர் எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் தந்தைக்குக் காய்ச்சல் வந்தது நனைந்ததால் அன்று. ஃப்ளூ கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோயாக வெளிப்படும். ஆகவே அவர் நனைவதற்கு முன்பே, பேருந்திலோ தேநீர்க் கடையிலோ யாரோ ஒருவர் அவர் அருகில் இருமியிருப்பார். மழைக்காலத்தில் எல்லோரும் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு நெருங்கி இருப்பதும் கிருமி பரவ வசதியாகிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இந்தக் கிருமியின் மேற்புறத்தில் உள்ள புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்ற ஆண்டு ஊசியால் நம் உடல் கற்றுக்கொண்ட அடையாளம் இந்த ஆண்டு வருகிற கிருமிக்குப் பொருந்தாமல் போகலாம். மற்றொன்று, ஊசி தரும் எதிர்ப்புச் சக்தியே சில மாதங்களில் குறையத் தொடங்கிவிடும், முதியவர்களிடம் இன்னும் விரைவாக. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்குமாக, ஊசியில் எந்தெந்தக் கிருமி வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கொரோனா ஊசி வேறொரு கிருமிக்கானது; அதை எத்தனை முறை போட்டிருந்தாலும் ஃப்ளூவைத் தடுக்காது.

அடுத்து மாதம். இணையத்தில் தேடினால் அமெரிக்காவின் குளிர்காலக் கணக்கும் டில்லியின் கணக்கும்தான் முன்னே வந்து நிற்கும். நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுகிறது. தமிழ்நாட்டிலோ பெரிய மழையே வடகிழக்குப் பருவமழைதான் என்பதால் அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டியே இங்கே காய்ச்சல் கூடுகிறது. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே புரட்டாசி பாதிக்குள் போட்டுவிடுவது உங்கள் ஊருக்குப் பொருத்தமாக இருக்கும். ஏதோ காரணத்தால் தவறிவிட்டால், மழை தொடங்கிய பின்னரும் போடலாம்; "காலம் கடந்துவிட்டது" என்று விட்டுவிட வேண்டியதில்லை.

மூன்று வகையா நான்கு வகையா என்பதில் குழம்பாதீர்கள். இரண்டு ஏ வகைகளும் இரண்டு பி வகைகளும் சேர்ந்ததே நான்கு வகை ஊசி. அந்த இரண்டு பி வகைகளில் யமகட்டா என்ற ஒன்று, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023 செப்டம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் கூறிவிட்டது. ஆகவே மூன்று வகை என்பது மட்டமான சரக்கு அன்று. நான்காவதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிதாகப் படுவது நுரையீரலைவிட இதயம்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-ல் வெளியான ஆய்வொன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு மற்ற நாட்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர் என்பதை அப்பாவிடம் நினைவூட்டி இதைச் சொல்லிப் பாருங்கள். சளி பிடிக்கும் என்றால் அசையாதவர்கள் நெஞ்சு என்றதும் காது கொடுத்துக் கேட்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

க்ளோபிடோக்ரெல் ஊசிக்குத் தடையில்லை. மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மெல்லிய ஊசியாகப் பயன்படுத்தச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப் போடுங்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, கை கால் செயலிழக்கும் கீயன் பாரே நோய் வந்திருந்தாலோ, ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

பழைய மருந்தாளுநர் (திருச்சி) எழுதியது:

மருத்துவர் ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிக் கொண்டுபோவதைப் பற்றி மட்டும், முப்பது ஆண்டுகள் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து பின் இளகியதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கடையில் நீங்கள் கவனிக்க வேண்டியது குளிர்பெட்டியை. ஊசி உள் தட்டில் இருக்கிறதா, அல்லது நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து மூடும் கதவுத் தட்டில், தண்ணீர் பாட்டிலுக்கும் கடைக்காரரின் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வெப்பமானி இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போய்விடலாம்.

வாங்கிய பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, அதற்குள்ளேயே ஊசிப் பெட்டியையும் திணித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஐஸோடு நேரே ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கம் உறைந்து போகலாம். பெட்டியைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டியிலோ வாய் அகன்ற பிளாஸ்கிலோ வைத்து நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும். இடையில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு உரக்கடைக்குள் நுழைவதெல்லாம் கூடாது. என்னைக் கேட்டால், ஊசியைத் தானே இருப்பு வைத்துப் போடும் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. நூறு இருநூறு ரூபாய் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

பெட்டியின் மேல் இரண்டு விவரங்களைப் படியுங்கள். காலாவதித் தேதி ஒன்று. எந்த ஆண்டின், எந்த அரைக்கோளத்துக்கான கலவை என்பது மற்றொன்று. தென் அரைக்கோளக் கலவை கோடைக்குள் கடைக்கு வந்துவிடும். பிப்ரவரியில் முடிவான வட அரைக்கோளக் கலவை, தயாரிக்கவே ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், ஆவணி, புரட்டாசி வாக்கில்தான் வரத் தொடங்கும். இரண்டில் புதிதாக வந்ததை வாங்குங்கள். சென்ற பருவத்தின் மிச்சத்தைத் தள்ளுபடியில் கொடுக்கிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். இது தீபாவளித் துணி இல்லை.

நொச்சியிலை எழுதியது:

எல்லோரும் ஊசியைப் பரிந்துரைக்கிறீர்கள். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1,850 ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தக் கார்த்திகையிலேயே மூக்கொழுகல், தொண்டைக் கமறல் என்று பத்து நாள் அவதிப்பட்டேன். அன்று எனக்கு ஆறுதல் தந்தது என் அம்மா போட்ட நொச்சியிலை ஆவியும் நிலவேம்புக் குடிநீரும்தான். பிறகு எதற்கு அந்த ஊசி? அரசே நிலவேம்பை மக்களுக்கு வழங்கியிருக்கிறதே?

ஊர்மருத்துவர் எழுதியது:

நியாயமான கேள்விதான். மூக்கொழுகலோடு வரும் சாதாரணச் சளிக்குக் காரணமான கிருமிகள் பலப்பல. அவற்றில் ஃப்ளூ ஒன்றுதான். இந்த ஊசி அந்த ஒன்றுக்கு மட்டுமே காவல். ஃப்ளூ என்றால் பெரும்பாலும் திடீரென்று கடுங்காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு, வறட்டு இருமல் என்று வரும். உங்களுக்கு வந்தது அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஃப்ளூவுக்கே கூட இது முழுக் கவசம் இல்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை. புழக்கத்தில் உள்ள கிருமியோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில்கூட, மருத்துவரைத் தேடிப் போகும் அளவுக்கு நோய் முற்றும் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கிறது. மீறி வந்தாலும், ஆறு நாள் படுக்கை என்பது வீட்டோடு மூன்று நாள் ஓய்வு என்று முடிய வாய்ப்பு அதிகம். 67 வயதில் அந்த வேறுபாடு பெரியது. செயலிழந்த கிருமியிலிருந்து செய்யப்படும் ஊசி என்பதால், அதனாலேயே ஃப்ளூ வந்துவிடாது. கை வலியும் ஓரிரு நாள் உடம்புச் சூடும் வரலாம்.

நொச்சி ஆவியை நான் குறை சொல்ல மாட்டேன்; எங்கள் வீட்டிலும் பிடிப்போம். மூக்கடைப்புக்கு அது இதமானது. கொதிக்கும் பானையைக் கவிழ்த்துக்கொண்டு வெந்த காலோடு வருபவர்களையும் பார்ப்பதால், பிள்ளைகளையும் முதியவர்களையும் தனியே விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஆவியோ குடிநீரோ ஊசிக்கு மாற்று ஆகாது.

வயலோரம் தம்பிக்கு இன்னொன்று. அந்த மூன்று மாத்திரை 'செட்' எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும் ஓர் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. வலி மாத்திரை அதைவிட ஆபத்தானது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். உங்கள் தந்தையோ ஏற்கெனவே க்ளோபிடோக்ரெல் எடுப்பவர். சேற்றில் இறங்கி வேலை செய்பவர் என்பதால் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. ஆகவே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால், கஞ்சி, நிறையத் தண்ணீர், வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்தல், இவற்றோடு முதல் இரண்டு நாட்களுக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கடை மாத்திரையில் கழித்த இரண்டு நாள் அந்த நேரத்தைத்தான் தின்றுவிட்டது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்; அதே நாளில் மறு கையில் போட்டுக்கொள்ளலாம், ஆண்டுதோறும் தேவைப்படாது.

வயலோரம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மாரடைப்புக் கணக்கைப் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "புரட்டாசி முதல் சனி பெருமாள் கோயிலுக்குப் போறோம்ல, அப்படியே போட்டுட்டு வந்துடலாம்" என்றார். அதன்படியே போய் வந்தோம். ஊசியைத் தாங்களே இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போனேன். செவிலியர் அம்மா பெட்டியை எங்கள் முன்னாலேயே பிரித்தார். நான் எடுத்துச் சொல்லும் முன்பே அப்பா, "தேய்க்காதீங்கம்மா, நான் ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவன்" என்று சொல்லிவிட்டுத் தானே பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரவு கை கடுக்கிறது என்றார். மறுநாள் காலை வழக்கம்போல் வயலுக்குப் போய்விட்டார். நியூமோகாக்கல் ஊசியை அடுத்த மாதச் செலவில் வைத்திருக்கிறேன்.

பழைய மருந்தாளுநர் (திருச்சி) எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா?

வயலோரம் எழுதியது:

பார்த்தேன் ஐயா. வட அரைக்கோளம், இந்தப் பருவத்துக்கான கலவை, மூன்று வகை. பெட்டியின் அட்டையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். அப்பா அதன் பின்புறத்தில் தேதியை எழுதி, சிட்டா அடங்கல் வைத்திருக்கும் பைக்குள் போட்டுவிட்டார்.