மறுமொழி: கடல் அரிப்பா, அரிமானமா, கரைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான கடற்கரைக் கண்காட்சிப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. அவற்றில் வரும் 'erosion' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடி நான்கு நாளாக நிற்கிறோம். எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன்.

> அரிப்பு என்றதும் வகுப்பில் சிரிக்கிறார்கள். உடம்பில் வரும் அரிப்புதான் அவர்களுக்குத் தெரியும். அரிமானம் என்றே போடலாமே.

டீச்சர், அந்தச் சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே பிள்ளைகள் வேதியியலில் இரும்பு துருப்பிடிப்பதை அரிமானம் என்று படிக்கிறார்கள். துருப்பிடித்தால் இரும்பு வேறு பொருளாகிவிடும். கரையில் மணல் மணலாகவே இருக்கிறது, இடம்தான் மாறுகிறது. சென்னையில் வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மெரினாவில் மணல் ஏறியது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை போயிற்று. நம் இரண்டாம் பலகையே இதுதான். அங்கே அரிமானம் என்று எழுதினால் பாடம் கெட்டுவிடும்.

> மானம் வடமொழி ஈறு, எப்படியும் வேண்டாம். கரையைக் கரைப்பதால் 'கரைவு' என்போம்.

ஐயா, பிடிமானமும் கட்டுமானமும் தமிழ் வினையோடு ஒட்டி எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த வழக்கைத் தனி இழையில் பேசுவோம். மழையில் மண்சுவர் கரையும், ஒப்புக்கொள்கிறேன். அலையோ மணலைக் கரைப்பதில்லை, வாரிக்கொண்டு போகிறது.

அரி என்னும் வினையை நாம் குறைத்து மதிக்கிறோம் என்பது என் வருத்தம். புறநானூறு 24 'நெல் அரியும் இருந்தொழுவர்' என்றுதான் தொடங்குகிறது. அங்கே அரிதல் அறுத்தல். கறையான் அரிப்பது கொஞ்சங் கொஞ்சமாகத் தின்பது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினையும் கொறித்தலைக் குறிப்பதே. துருப்பிடித்தல் போன்றவற்றுக்கான அவர்களது 'corrosion' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது, நம் அரிப்பும் அரிமானமும் போல. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது அரிசி அரிப்பது. அம்மாச்சி அரிக்கன்சட்டியில் நீரைச் சுழற்றுவார். அரிசி நீரோடு நழுவி வரும், கல் அடியில் தங்கும். ஓடும் நீர் மண்ணில் செய்வதும் அதுதான். நுண்ணிய துகளைத் தூக்கிப் போகும், பருக்கைக் கல்லை விட்டுவிடும். வகுப்பில் ஒரு சட்டியை வைத்து இதைக் காட்டினால் சிரிப்பு தானே அடங்கும் டீச்சர்.

> தேய்வு? 'அரம்பொருத பொன்போலத் தேயும்' (குறள் 888).

அருமையான இடம். ஆனால் அரம் உராய்ந்து பொன் தேய்வது அரிப்பில் ஒரு வகை மட்டுமே. அலை கொண்டுவரும் கல்லும் மணலும் பாறையை உராய்வதற்கு அதைத் தனியே வைத்துக்கொள்வோம். தேய்மானம் என்று நீட்ட வேண்டாம், அது கணக்கரிடமும் நகைக்கடையிலும் போய்விட்டது.

நம்பிக்கை, உரிமை, பணமதிப்பு இவை அரிக்கப்படுவதாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'செல்வத்தைத் தேய்க்கும் படை' (555) என்று வள்ளுவர் வழி காட்டியிருக்கிறார். அங்கே தேய்வுதான். செய்தித்தாள் நண்பர் இதை மறுக்கிறார்: அரிப்பு என்றால்தான் உள்ளிருந்து தின்பது தெரியும், தேய்வில் அந்தக் கேடு தெரியாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பலகையில் அந்தப் பொருள் வரவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கடலுக்குள் நீட்டிப் போடும் கல்சுவருக்கு 'செங்குத்துத் தடுப்பணை' என்று யாரோ முன்மொழிந்திருந்தீர்கள். மீனவர்கள் 'தூண்டில் வளைவு' என்கிறார்கள், மனுக்களிலும் செய்திகளிலும் அதுவே வருகிறது. நாம் யாரும் இவ்வளவு நல்ல சொல் கட்டியிருக்க மாட்டோம். அதையே போடுகிறேன்.

ஆக, கடலரிப்பு, மண்ணரிப்பு, காற்றரிப்பு. இதுவரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள், கரைவு ஐயா உடன்படவில்லை. மழையில் கரையும் ஏரிக்கரைப் படத்தின் கீழ் மட்டும் 'மண் கரைதல்' என்று எழுதச் சம்மதமா ஐயா? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பலகை மொழிபெயர்ப்பாளர்