ஒன்பது நாளில் ஆறு ஐரோப்பிய நகரங்கள்: மாணவர்களுக்கு இது கல்விப் பயணமாகுமா?

வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதத்தில், 16, 17 வயதுடைய 32 மாணவர்களையும் நான்கு ஆசிரியர்களையும் ஐரோப்பாவுக்கு அனுப்ப எங்கள் பள்ளி முடிவு செய்திருக்கிறது. நாங்கள் அணுகிய பயண நிறுவனம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வெனிஸ், ரோம் ஆகிய ஆறு நகரங்களையும் ஒன்பது நாளில் பேருந்திலேயே சுற்றிக் காட்டும் திட்டம் ஒன்றைத் தந்துள்ளது. பெற்றோருக்கு அது பிடித்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் 36 பேரும் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே போய்த் திரும்பவும் வேண்டும். இந்தத் திட்டத்தை எப்படித் திருத்தலாம், நகரங்களைக் குறைத்தால் எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடுவழி

வணக்கம் அம்மா. மாணவர் குழுக்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அழைத்துச் சென்றவன் என்ற முறையில், முதலில் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் சொன்ன வரிசையில் ஆறு நகரங்களையும் இணைக்கும் சாலை ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். பேருந்து சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடினாலும் 35 மணி நேரம் இருக்கையிலேயே கழியும். இதை வேகத்தால் ஈடுகட்டவும் முடியாது, ஏனெனில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம் வரை அனுமதி உண்டு). வண்டியிலுள்ள டேக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே வரும்.

ஒருமுறை ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெர்லினுக்குப் போகும் 650 கிலோமீட்டர் பாதையில் நெரிசலில் சிக்கிக்கொண்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முன்பதிவு செய்திருந்த அருங்காட்சியகத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் குறிப்பேட்டுடன் படிக்கட்டில் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

வாராந்தர விடுமுறைகளையும் பாருங்கள். பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமையும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமையும் மூடியிருக்கும். வெனிஸ் நகரத்தில் 2024 முதல் வழிகாட்டியுடன் செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒலிபெருக்கியும் பயன்படுத்தக்கூடாது. எனவே உங்கள் குழுவை அங்கே இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்.

ஒரு தந்தை

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாணவர்களில் பலருக்கு ஐரோப்பாவைக் காணும் வாய்ப்பு இன்னொரு முறை கிடைக்காமலே போகலாம். பாரிஸைப் பார்க்காமல் திரும்பினால் அது என் மகளுக்குப் பெரிய ஏமாற்றமாக இருக்கும். நகரங்களைக் குறைக்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

கல்லும் சுண்ணாம்பும்

அந்தத் தந்தையின் கவலை நியாயமானது. ஆனாலும் என் அனுபவத்தில், ஒரு நகரத்தில் நாலைந்து நாள் தங்கிய மாணவர்தான் ஊர் திரும்பிய பிறகும் அந்த நகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் கட்டடக்கலை கற்பிப்பவன். என்னைக் கேட்டால் இத்தாலியின் ரோம், ஃபிளாரன்ஸ் இரண்டும் போதும் என்பேன். அதிவேக ரயிலில் இடைப்பட்ட பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

ரோமில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். அதன் முகப்பில் ரோமானியத் தலைவர் அக்ரிப்பா கட்டியதாகப் பெரிய எழுத்துகளில் பொறித்திருக்கிறது. ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் அவருக்குப் பின் வந்த பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126இல் முடிந்தது. கல்வெட்டு சொல்வதற்கும் கட்டடம் சொல்வதற்கும் ஏன் இந்த வேறுபாடு என்று நீங்கள் விளக்குவதற்கு முன்பே மாணவர்களைக் கேட்டுவிடுங்கள். வரலாற்று வகுப்புக்கு இதைவிடச் சிறந்த கேள்வி கிடைக்காது. உள்ளே குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். கீழ்ப்பகுதியில் கனமான கல்லும் செங்கல்லும் கலந்த கான்கிரீட், மேலே போகப்போக எடை குறைந்த எரிமலைக்கல். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் அது இத்தனை நூற்றாண்டுகள் நிற்பதற்கு அந்தக் கலவையும் ஒரு காரணம். உச்சியில் திறந்த வட்டம் இருப்பதால் மழை நேரே உள்ளே விழும். நான் சென்ற ஒரு நாள் தூறல் பிடித்தது. மாணவர்கள் கலைந்து ஓடாமல், மெல்லிய வளைவுள்ள பளிங்குத் தரையில் நீர் எந்தப் பக்கம் வழிகிறது, எந்தத் துளைகளில் இறங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கென நான் எந்தப் பாடமும் தயாரித்திருக்கவில்லை.

அதன் பிறகு ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறினால், ஆயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில் மனிதர்கள் பெரிய குவிமாடத்தை எழுப்பும் அதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தரையிலிருந்து மரச்சாரம் தாங்காமலே கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை அதை எழுப்பினார். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உட்சுவர், வெளிச்சுவர் இரண்டுக்கும் நடுவே ஏறும்போது செங்கல் பதித்த விதத்தைக் கையால் தொட்டே பார்க்கலாம். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் உண்டு. அதே ஊரில் கலிலியோ அருங்காட்சியகத்தில் அவருடைய தொலைநோக்கிகளையும் பார்க்கலாம். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டினராக இருந்தாலும், நுழைவு இலவசம். ஃபிளாரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நெடுவழி

ஒரே நாடு என்றால் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேலையும் எளிது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். கல்விக்காகச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டண விலக்கு விதியிலேயே இருக்கிறது, எனவே பயணத்தின் கல்வி நோக்கத்தைப் பள்ளிக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

வரலாற்று ஆசிரியை

மிக்க நன்றி. பெற்றோர் கூட்டத்தில் அந்த 35 மணி நேரக் கணக்கையே முதலில் வைத்தேன், பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ரோமில் நான்கு இரவும் ஃபிளாரன்ஸில் நான்கு இரவும் என்று மாற்றிவிட்டோம். பாரிஸ் விடுபட்டதில் சில மாணவர்களுக்கு வருத்தம் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மாணவி ஒருத்தி குழுவில் இருக்கிறாள். மற்றவர்கள் 463 படி ஏறும் நேரத்தில் அவளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

கல்லும் சுண்ணாம்பும்

பேராலயத்துக்குப் பின்புறமே அதன் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே லிஃப்ட் உண்டு. குவிமாடத்தின் பழைய மர மாதிரிகளையும் கட்டுமானக் கருவிகளையும் அதில் வைத்திருக்கிறார்கள். மேல்தளத்து மாடத்தில் நின்றால் குவிமாடம் முழுவதும் எதிரே தெரியும். ஓர் ஆசிரியரையும், அவள் விரும்பினால் இரண்டு தோழிகளையும் உடன் அனுப்புங்கள். மேலே ஏறியவர்களுக்கு உள்ளிருந்து தெரியாத முழு வடிவத்தை அவள்தான் வரைந்து வந்து அவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும்.