பதில்: கடுமையான அதிகாரி வந்தால் சரியா?

ஊரவர் எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையால் இறங்குகிற கேரளக் கஞ்சா, தூள் (ஹெரோயின்), ஐஸ் (மெத்தம்பெற்றமைன்) என்று கதை நீண்டு, கடைசியில் கடுமையான ஒரு அதிகாரி வந்தால் எல்லாம் அடங்கும் என்று முடிந்தது. நான் வாய் திறக்க முதல் கணக்கறிக்கை தொடங்கிவிட்டது, அதனால் இந்த மடல்.

அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருந்தார், ஹரி அன்ஸ்லிங்கர். 1930 இல் தொடங்கிய போதைப்பொருள் பணியகத்தின் முதல் ஆணையாளர். ஹூவரில் இருந்து கென்னடி வரை ஐந்து ஜனாதிபதிகள் வந்தும் 1962 வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. (நியமித்த திறைசேரிச் செயலாளர் மெலன் மனைவி வழியில் உறவாம். எங்கட ஊர் நியமனங்கள் ஞாபகம் வந்து சிரித்தேன்.) 1937 இல், வரி என்ற பெயரில் கஞ்சாவை முடக்கிய கஞ்சா வரிச் சட்டத்தைக் கொண்டுவர முன்னுக்கு நின்றவர் இவர், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த வூட்வார்ட் அதை எதிர்த்துச் சொன்னது எடுபடவில்லை. 1951 இல் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை, 1956 இல் சிறுவருக்கு ஹெரோயின் விற்றால் மரண தண்டனை வரை போனது.

அதே மனிதர், செல்வாக்கான ஒரு காங்கிரஸ் உறுப்பினர் மோர்பினுக்கு அடிமை என்று தெரிந்தபோது மட்டும் பிடிக்கவில்லை. ஒரு பார்மசியில் இரகசியமாக ஒழுங்கு செய்து கொடுத்தார். வேறு யாரும் சொல்லவில்லை, தானே எழுதிவைத்த கதை.

அதை வாசித்தபோது எங்கட ஒழுங்கைதான் கண்ணுக்குள் வந்தது. போன ஆவணியில் திருவிழாவுக்குப் போனபோது, தகப்பன் வெளிநாட்டில் உள்ள ஒரு வீட்டுப் பெடியன் கொழும்பில் கோர்ஸ் செய்கிறான் என்றார்கள். உண்மையில் காசு கட்டி மறுவாழ்வு நிலையத்தில் விட்டிருக்கிறார்கள். இரண்டு வீடு தள்ளி, கூலி வேலைக்குப் போகிறவரின் மகன். அதே தூள், அதே கூட்டாளிமார், ஆனால் அவன் வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறையில். தாய் விடிய எழும்பிச் சமைத்து, பார்சலோடு பஸ்ஸுக்கு நிற்கிறா.

சட்டம் இளகினதால் வந்த வினை என்று சொல்லவும் ஏலாது. 1984 திருத்தத்தோடு 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம் என்று எங்கட இலங்கையில் எழுதியாகிவிட்டது.

சந்தியில் கமெரா பூட்டச் சேர்க்கிற காசில் பாதியை இந்த இரண்டாவது பெடியன் மாதிரியானவர்களின் சிகிச்சைக்கு ஒதுக்குவோமா? பிணையில் வந்தால் அனுப்பச் சம்மதம் என்று தாய் சொல்லிவிட்டா. பெயர் இங்கே போடமாட்டேன், உதவ விருப்பமானவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கோ.