அம்மைக் கிருமி தொற்றிய பின் தடுப்பூசி போடுவதால் பயன் உண்டா?

கிண்டி மாணவி:
நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். குரங்கம்மை நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்கு நான்கு நாள்களுக்குள் எம்விஏ-பிஎன் என்னும் அம்மைத் தடுப்பூசி போடுவது நல்லது என்று பாடத்தில் வருகிறது. உள்ளே நுழைந்துவிட்ட கிருமியை அதற்குப் பின் போடும் ஊசி எப்படி முந்தும்? கிருமியைப் பிடித்து முடக்கும் புரதமான எதிர்ப்பொருளையே நேராகச் செலுத்தினால் இன்னும் விரைவாகப் பலிக்காதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
நாய் கடித்த பிறகு ஊசி போட்டுக்கொள்வதில் நமக்கு ஐயம் எழுவதில்லை அல்லவா அம்மா, இங்கும் நடப்பது காலத்தோடு ஓடும் பந்தயமே. குரங்கம்மைக்கு நெருங்கிய உறவான, இன்று ஒழிந்துவிட்ட பெரியம்மையையே எடுத்துக்கொள்வோம்: அதன் கிருமி நுழைந்து காய்ச்சல் காண்பதற்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள்கள் ஆகும். அந்நாளில் கிண்டி கிங் நிலையத்தில் கன்றின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலை, அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்தை, கையில் குத்தியவுடன் உடல் அதைவிட வேகமாக விழித்துக்கொண்டது. மூன்று, நான்கு நாள்கள் கடந்துவிட்டால் நோயைத் தடுப்பது கடினம், கடுமை மட்டும் குறையலாம்.

எதிர்ப்பொருளைப் பற்றிய கேள்விக்கு நம் ஊரிலேயே விடை தேடினார்கள். அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப் குழுவினர் 1961இல் வெளியிட்ட சென்னை ஆய்வில், பெரியம்மை நோயாளிகளின் வீட்டாரில் தடுப்பூசியோடு, குருதியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் நிறைந்த காமா குளோபுலினும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கும், தடுப்பூசி மட்டும் பெற்ற 379 பேரில் 21 பேருக்கும் நோய் கண்டது.

ஆய்வகவாசி:
ஐயா கூறிய எண்கள் சரியானவை. ஆனால் அவை தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுத்ததன் பலனையே காட்டுகின்றன, எதிர்ப்பொருள் தனித்து நின்று காக்கும் என்று அவற்றிலிருந்து முடிவு கட்ட இயலாது. கொப்புளம் அரும்பிய பிறகு அது நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் அந்த ஆய்வு சான்றாகாது. வெளியிலிருந்து செலுத்திய எதிர்ப்பொருள் சில வாரங்களில் கரைந்தும் போகும். ஆகவே அது இடைக்காலத் துணை மட்டுமே.

கிண்டி மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் பெருக்கிக் கொடுத்தால் போதாதா?

ஆய்வகவாசி:
போதாது என்றே கருதுகிறேன், தங்கையே, ஏனெனில் பெரியம்மை, குரங்கம்மை ஆகியவை அடங்கிய இக்குடும்பக் கிருமி இரண்டு உருவங்களில் உலவுகிறது. செல் வெடிக்கும்போது வெளிவரும் உருவத்துக்கு ஓர் உறைதான் உண்டு; உடலுக்குள் பரவும் உருவமோ அதற்கு மேல் இன்னொரு மெல்லிய உறையைப் போர்த்திக்கொண்டிருப்பதால், எல்1, ஏ27 போன்ற உட்புறப் புரதங்களைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் அதனிடம் செல்லாது. அதற்கு பி5, ஏ33 ஆகிய மேலுறைப் புரதங்களைப் பிடிப்பவை வேண்டும். விலங்குச் சோதனைகளில் இரு வகைகளையும் கலந்து கொடுத்தபோதே பாதுகாப்பு கூடியது. பலருடைய குருதியிலிருந்து எடுக்கும் பழைய குளோபுலினில் இக்கலவை இயல்பாகவே இருந்தது.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
ஊசி போட்டாயிற்று என்று கண்காணிப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. குரங்கம்மைத் தொடர்பில் இருந்தவரை 21 நாள்கள் வரை பார்த்தே ஆக வேண்டும்.