எடின்பரோவில் வீடு: இன்றிரவுக்குள் 1,950 பவுண்டு அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பலாமா?

புதிதாய்_வந்தவன்:
அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காததால் எட்டுப் பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் இருக்கிறேன்; அதுவும் ஞாயிறு காலையோடு முடிகிறது. மார்ச்மண்டில் தனி வீடு, மாதம் 650 பவுண்டு என்று இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையும் இரண்டு மாத அட்வான்ஸும் சேர்த்து 1,950 பவுண்டை இன்றிரவுக்குள் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய அப்பாவுக்கு இது குறைவாகவே படுகிறது. அனுப்பிவிடலாமா? இரண்டு நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை.

லீத்_வாசி:
தம்பி, மார்ச்மண்டை விட்டுவிட்டு லீத் பக்கம் தேடுங்கள். நான் நான்கு ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறேன். வாடகை சற்றுக் குறைவு. இந்துக் கோயிலும் இங்கேயே இருக்கிறது. நகருக்குள் செல்லப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் வங்கி அட்டையைத் தொட்டு ஏறுவதே வசதி. உங்களுக்கு 22 வயது நிறையவில்லை என்றால் ஸ்காட்லாந்து முழுவதும் பேருந்தில் இலவசமாகவே செல்லலாம். அதற்கான அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

பொருநைக்கரை:
லீத் நல்ல இடம்தான், ஆனால் முதல் ஆண்டு மாணவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இரவு பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து மழையில் நனைந்தபடி பேருந்துக்குக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நியூயிங்டனிலோ டால்கிராஸிலோ ஒரு பகிர்வு அறை கிடைத்தாலும் போதும், நடந்தே வந்துவிடலாம். என் முதல் வீட்டில் ஈரத்துணியை அறைக்குள்ளேயே உலர்த்தினேன். ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வழிந்து, நவம்பர் முடிவதற்குள் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. இருமல் மார்ச் வரை விடவில்லை. வீடு பார்க்கப் போகும்போது கட்டிலை நகர்த்திச் சுவரைப் பாருங்கள்.

குளிர்கால_மாணவி:
வீடு எப்படியும் அமைந்துவிடும். மனத்தைத் தயார்செய்து கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. டிசம்பரில் பிற்பகல் 3:40-க்கே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளுமாறு ஸ்காட்லாந்து அரசே அறிவுறுத்துகிறது. என் முதல் கட்டுரைக்கு 62 மதிப்பெண் வந்தபோது, ஊரில் எப்போதும் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இங்கே 70 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பொருநைக்கரை:
உண்மைதான் அம்மா. எனக்கும் அதே அனுபவம். இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு, தங்க இடமில்லாமல் பிள்ளைகளை அலையவிடுவதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆகஸ்டில் கலைவிழாக் கூட்டத்திற்காக அறைகளின் விலை ஏறுகிறது. அது ஓய்வதற்குள் ஊர் மாணவர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறார்கள். செப்டம்பரில் வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு மிச்சமும் மீதியும்தான்.

மெடோஸ்_அக்கா:
எல்லோரும் பொறுத்தருள வேண்டும். தம்பி கேட்டது எங்கே குடியிருப்பது என்பதல்ல, பணம் அனுப்பலாமா என்பது. தம்பி, அனுப்பாதீர்கள். மார்ச்மண்டில் தனி வீடு 650 பவுண்டுக்குக் கிடைக்காது. வெளிநாட்டு வீட்டுக்காரர், கூரியரில் சாவி, இன்றிரவுக் கெடு ஆகிய மூன்றும் ஏமாற்றுக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் அதே கதை. இரண்டு விவரங்களை நீங்கள் சொல்லவில்லை. இதுவரை ஏதாவது பணம் அனுப்பிவிட்டீர்களா? உங்கள் வகுப்பு எங்கே நடக்கிறது? 1582-இல் சாசனம் பெற்ற இந்தப் பல்கலைக்கழகம் நகரத்தோடு சேர்ந்தே வளர்ந்ததால் ஒரே வளாகத்தில் இல்லை; ஜார்ஜ் சதுக்கத்தில் படிப்பவருக்கு மார்ச்மண்ட் பத்து நிமிட நடை, ஈஸ்டர் புஷ்ஷில் கால்நடை மருத்துவம் படிப்பவர் நகருக்கு வெளியே போக வேண்டும்.

புதிதாய்_வந்தவன்:
மன்னிக்க வேண்டும் அக்கா, சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்று கேட்டதால் நேற்று மாலை 300 பவுண்டு என் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டேன். வந்த வாரம் இங்கே தொடங்கிய வங்கிக் கணக்கு அது. மீதியை அப்பா இன்றிரவே ஊரிலிருந்து அனுப்புவதாக இருந்தார். வகுப்பு நகரின் தெற்கே உள்ள கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகத்தில்.

மெடோஸ்_அக்கா:
வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி, படித்தவர்கள் பலரும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். அப்பாவை இப்போதே அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வங்கியின் ஆப்பில் மோசடி என்று புகார் செய்யுங்கள், அல்லது 159 என்ற எண்ணை அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு அது இணைத்துவிடும். பிரிட்டனில் உள்ள ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்ற விதி 7 அக்டோபர் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதில் 100 பவுண்டு வரை வங்கி கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு இந்த விதி பொருந்தாது. அப்பா அனுப்பியிருந்தால் அந்தப் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது. ஸ்காட்லாந்துக் காவல்துறைக்கு 101-இல் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆளின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

இனி வீடு தேடும்போது முதலில் வீட்டுக்காரரின் பெயரை ஸ்காட்லாந்து வீட்டு உரிமையாளர் பதிவேட்டில் பாருங்கள். முகவரியை வைத்து இலவசமாகவே தேடலாம். உறவினர் அல்லாத மூன்று பேரோ அதற்கு மேலோ பகிரும் வீடு என்றால் நகர மன்ற உரிமமும் வேண்டும். வாடகையும் அட்வான்ஸும் தவிர வேறு கட்டணம் கேட்பது இங்கே சட்டவிரோதம். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குடியேறிய 30 வேலை நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட மூன்று காப்புத் திட்டங்களில் ஒன்றில் வீட்டுக்காரர் அதைச் செலுத்தியாக வேண்டும், தவறினால் தீர்ப்பாயம் மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தர உத்தரவிடலாம். 2017 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள தனியார் வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீங்கள் வெளியேறலாம்.

லீத்_வாசி:
அக்கா சொல்வதே சரி, நான் வேறு எதையோ பேசிவிட்டேன். கிங்ஸ் பில்டிங்ஸ் என்றால் லீத் தொலைவுதான், தம்பி. நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். நியூயிங்டனுக்குத் தெற்கே பாருங்கள்.

மெடோஸ்_அக்கா:
ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன. நாளைக் காலை மாணவர் சங்கத்தின் அட்வைஸ் பிளேஸ் அலுவலகத்துக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். எந்த ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் அவர்களிடம் காட்டலாம். பல்கலைக்கழகத் தங்குமிட அலுவலகத்தில், வராமல் போனவர்களின் அறைகள் இருக்கின்றனவா என்று நேரில் கேளுங்கள். மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு நகராட்சி வரி இல்லை என்பதால், உடன் தங்குபவர்களும் முழுநேர மாணவர்கள்தானா என்று விசாரியுங்கள். சனிக்கிழமை வீடு பார்க்கப் போவதானால் நானும் வருகிறேன். பத்து மணிக்கு ஜார்ஜ் சதுக்க நூலக வாசலில் நிற்கிறேன்.

புதிதாய்_வந்தவன்:
அப்பா நிறுத்திவிட்டார். வங்கி புகாரை ஏற்றுக்கொண்டு எண் கொடுத்திருக்கிறது. பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் அக்கா.