மைனி வேலை பாக்குற வீட்ல சாவு, யூதங்க முறைல ஏழு நாள் துக்கம்னு சொல்றாங்க, நாம என்ன செய்யலாம்?

குலசேகரம் ரப்பர்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க மைனி இஸ்ரேல்ல பீர்ஷெபா பக்கத்துல ஒரு அம்மச்சிய பாத்துக்குற வேலைல இருக்காங்க. அந்த அம்மச்சி கொச்சியில பொறந்தவங்க. 1950கள்ல அங்க உள்ள யூதக் குடும்பங்க மொத்தமா கெளம்பி போனாங்கல்லியா, அப்ப சின்னப் பிள்ளையா போனவங்க, இன்னும் மலையாளம் மறக்கல. மைனி களியக்காவிளைல பொறந்து வளந்தவங்க, தமிழும் மலையாளமும் கலந்துதான் வாயில வரும், அதனால ரெண்டு பேரும் தாயும் பிள்ளையும் மாதிரி ஆயிட்டாங்க. நாங்க வெள்ளிக்கிழமைல சீக்கிரமே வீடியோ கால் போட்டுருவோம், ஏன்னா அவங்களுக்கு பொழுது அடைஞ்சா ஓய்வுநாள் ஆரம்பிச்சிரும், அதுக்குப் பொறவு அந்த வீட்ல யாரும் போன் தொட மாட்டாங்க. அம்மச்சி தலையில துணி போட்டு ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்தி, கைய மூணு தடவ தன் பக்கமா இழுத்து, கண்ண மூடி ஜெபிக்கிறத எங்க பிள்ளைங்க ஒருதடவ பாத்துட்டு அப்டியே வாயடைச்சு நின்னுச்சுங்க.

இப்ப விஷயம் என்னன்னா, அம்மச்சியோட வீட்டுக்காரர், நாங்க எல்லாரும் அப்பச்சன்னு கூப்பிடுறவரு, செவ்வாக்கிழம சாயங்காலம் தவறிட்டாரு. மறுநாள் மதியத்துக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு, பெட்டி இல்ல, வெள்ளத்துணி சுத்தி நேரா மண்ணுக்குள்ள. மைனிக்கு அதுவே பெரிய அதிர்ச்சி, இங்கன்னா வெளிநாட்ல இருந்து மக்க வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வப்போம்லா. இப்ப வீட்டுக் கண்ணாடியெல்லாம் பெட்ஷீட் போட்டு மூடியாச்சு, மகனுங்க ரெண்டு பேரும் தரையோட ஒட்டின ஸ்டூல்ல ஒக்காந்திருக்காங்க, சட்டை மார்புப் பக்கம் கிழிஞ்சபடியே இருக்கு, கதவ பூட்டவே இல்ல, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆளு வந்துகிட்டே இருக்கு. மைனி ஒரு பானை கஞ்சியாவது வைக்கேன்னு போனா வேண்டாம்னுட்டாங்க, மலர்வளையம் ஆர்டர் பண்ணலாமான்னு நாங்க கேட்டா அதுக்கும் பதில் இல்ல. நாளைக்கு வெள்ளி வேற. சாவு வீட்ல வெளக்கு ஏத்துவாங்களா? மைனி அங்க எப்டி நடந்துக்கணும்? நாங்க இங்க இருந்து என்ன செஞ்சா மரியாதையா இருக்கும்? அந்த மனுசன் எங்க கடைசிப் பிள்ளைக்கு போன்லயே எண்ணச் சொல்லிக் குடுத்தவரு, சும்மா இருக்க மனசு கேக்கல.

---

மேல்புறம் அக்கா எழுதியது:

தம்பி, ஆழ்ந்த அனுதாபம். நானும் அங்க கேர்கிவர் வேலைல இருந்து திரும்பி வந்தவதான், இந்த மாதிரி வீட்ல இருந்திருக்கேன், அதனால தைரியமா சொல்றேன்.

மொதல்ல பூ வேண்டாம். மலர்வளையம் அவங்க வழக்கம் இல்ல, கல்லறைக்கு போனாலும் ஒரு சின்னக் கல்ல எடுத்து மேல வச்சிட்டு வருவாங்க, அதுதான் நான் வந்தேன், மறக்கலங்கறதுக்கு அடையாளம். சமையல் விஷயத்துல மைனிய ஒதுக்குறாங்கன்னு நெனைக்க வேண்டாம். அடக்கம் முடிஞ்சு வந்த ஒடனே துக்க வீட்டுக்காரங்க சாப்பிடுற மொதல் சாப்பாடு அவங்க வீட்டு சாப்பாடா இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுவரணும், அவிச்ச முட்ட, பருப்பு இப்டி உருண்டையா இருக்கறது. அந்த வாரம் முழுக்கவே சாப்பாடு வெளிய இருந்து வந்துகிட்டே இருக்கும். அதோட அந்த வீட்டு அடுக்களைல பால் பாத்திரம் வேற, இறைச்சிப் பாத்திரம் வேற, மைனிக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும், ஆனா வர்ற சொந்தக்காரங்களுக்கு மைனிய தெரியாதுல்லா. வெளிய வாங்கிக் குடுக்கணும்னா பழம் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க, முழுப் பழம், நறுக்காம. நம்ம நெனப்புல மீன் குழம்பு வச்சிக் குடுத்திரப் படாது. செதிலும் துடுப்பும் ரெண்டும் உள்ள மீன்தான் அவங்களுக்கு ஆகும், சாள, நெத்திலி, சூரை சரி, றால், கணவா, சிப்பி, சுறா எதுவும் வீட்டுக்குள்ளயே வரப்படாது.

உள்ள போனா அவங்க வாய் தொறக்குற வரைக்கும் நாம பேச்சு எடுக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம். எப்டி ஆச்சு, என்ன நோவுன்னு கேட்டு கொடைய வேண்டாம். சும்மா பக்கத்துல ஒக்காந்தா போதும், அவங்களா அப்பச்சன பத்தி ஒரு கத சொல்ல ஆரம்பிப்பாங்க, அப்ப மைனி தனக்குத் தெரிஞ்சத சொல்லலாம், சொல்லணும், பேர பிள்ளைங்களுக்கு தெரியாத வீட்டுக் கதை எவ்ளவோ மைனிக்குத்தான் தெரியும். எழும்பிப் போறவங்க, சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுற எல்லார் கூடவும் சேத்து கடவுள் ஒங்கள தேத்தட்டும்னு சொல்லிட்டுப் போவாங்க.

வெள்ளி வெளக்கு கட்டாயம் ஏத்துவாங்க. ஏழு நாள் எரியிறதுக்குன்னு ஒரு துக்க மெழுகுவர்த்தி கல்லறைல இருந்து வந்த ஒடனே ஏத்தியிருப்பாங்க, அது தனி, ஓய்வுநாள் வெளக்கு தனி. வெள்ளி பொழுது அடைஞ்சதும் ஸ்டூல ஓரமா தள்ளி வச்சிட்டு, கிழிஞ்ச சட்டைய மாத்திட்டு, மேசைல வெள்ளத்துணி விரிச்சு ரெண்டு ரொட்டி மூடி வச்சு, திராட்சரசத்த எடுத்து ஜெபிச்சு ஒக்காருவாங்க. சனிக்கிழமையும் அந்த ஏழுல ஒரு நாள்தான், கணக்குல சேரும், ஆனா வெளிய தெரியிற மாதிரி துக்கம் காட்ட மாட்டாங்க. சனி ராத்திரி நட்சத்திரம் தெரிஞ்ச பொறவு மறுபடி தரைல ஒக்காருவாங்க. பெரிய துக்கத்துக்கு நடுவுலயும் அந்த ஒரு நாள விட்டுக் குடுக்க மாட்டாங்க தம்பி, நான் மொதல்ல பாத்தப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, அழுதுகிட்டு இருந்தவங்க எப்டி ஒக்காந்து சாப்பிடுறாங்கன்னு. பொறவு பாத்தா அந்த ராத்திரிதான் அந்த வீட்டு மனுசங்க கொஞ்சம் தூங்கினாங்க.

---

கோட்டாறு வாத்தியார் எழுதியது:

மேல்புறம் அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒண்ணு சேத்துக்கறேன், மகனுங்க தினமும் எழும்பி நின்னு ஒரு ஜெபம் சொல்லுவாங்க, கதீஷ்னு பேரு, அராமிய மொழில இருக்கும், அதுல சாவு பத்தி ஒரு வரி கூட கெடையாது, முழுக்க கடவுளுக்கு துதி. தாய் தகப்பனுக்குன்னா பதினோரு மாசம் சொல்லணும். ஆனா தனியா சொல்ல முடியாது, வயசு வந்த ஆம்பிளைங்க பத்து பேர் இருந்தாத்தான் சொல்லலாம். அதான் அந்த வீட்டுக்கு தெனம் ஆளு வர்றது, வெறும் துக்கம் விசாரிக்க மட்டும் இல்ல, பத்து பேர் தேறணும்.

இந்தப் பத்து பேர் கணக்குதான் கொச்சிய யோசிக்க வைக்குது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568ல கட்டினது, ஒவ்வொரு ஓடும் சீனாவுல கையால வரைஞ்ச நீல வெள்ளத் தரை, பக்கத்துல மணிக்கூண்டு, நம்மாளுங்க டூர் போனா செருப்ப கழட்டிப் போட்டுட்டு போட்டோ எடுக்க முடியலன்னு வருத்தப்பட்டு வருவோம். ஆனா ஜனங்க இஸ்ரேலுக்குப் போன பொறவு அங்க பத்து ஆம்பிளைங்க தேறாம, வெளிநாட்ல இருந்து வர்ற யூத டூரிஸ்டுங்கள சேத்து எண்ணித்தான் ஜெபம் நடத்த வேண்டி வந்துச்சு. கொச்சி பக்கத்துல சேந்தமங்கலத்துலயும் பறவூர்லயும் உள்ள ஆலயம் இப்ப மியூசியம். சேந்தமங்கலம் ஆலயத்து முத்தத்துல சாரா பத் இஸ்ராயேல்னு ஒரு பொம்பளையோட கல்லறைக் கல்லு நிக்கிது, 1269ம் வருசத்தது, இந்தியாவுல கெடைச்ச எபிரேயக் கல்வெட்டுகள்ல ரொம்பப் பழசு அது. நாம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட சேந்து இருந்த ஜனங்க, இந்தக் கதை நமக்கு அந்நியம் இல்ல. பிள்ளைங்கள அடுத்த தடவ கொச்சிக்கு கூட்டிட்டுப் போனா லூலூ மாலோட நிறுத்தாம சேந்தமங்கலத்துக்கும் கூட்டிட்டுப் போங்க, வெள்ளி சனி மட்டாஞ்சேரிக்கு போகாதீங்க, ஓய்வுநாளுக்கு அடைச்சிருவாங்க.

---

தக்கலை இக்பால் எழுதியது:

இன்னாலில்லாஹி. ரெஸ்பெக்ட் பண்ணணும்னு நெனச்சு கேட்டீங்க பாருங்க, அதுவே பெருசு. மட்டாஞ்சேரில நெஹமியா மோத்தான்னு ஒரு யூதப் பெரியவர் அடங்கின எடம் இருக்கு, 1600கள் தொடக்கத்துல இறந்தவரு. சுத்தி இருக்குற இந்து, முஸ்லிம், கிறிஸ்தவங்க எல்லாரும் அங்க மெழுகுவர்த்தி ஏத்துறாங்க. நம்ம தக்கலைல பீர்முகமது அப்பா தர்காவுக்கு எல்லா சாதி சனமும் வர்ற மாதிரித்தான். அதனால நீங்க இங்க உங்க முறைப்படி அவருக்காக ஜெபம் பண்றதுல எந்த தப்பும் இருக்கறதா எனக்குத் தெரியல.

---

குலசேகரம் ரப்பர்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேல்புறம் அக்கா சொன்ன மாதிரியே மைனி ஒண்ணும் கேக்காம ஒக்காந்திருந்தாங்களாம், அம்மச்சியா பேச ஆரம்பிச்சு, கொச்சில இவங்க அம்மா கல்யாண வீட்ல பாடுற மலையாளப் பாட்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, அந்த நோட்டு துணிமூட்டைக்குள்ள வச்சுத்தான் வந்துச்சுன்னு சொல்லி அத எடுத்துக் காட்டினாங்களாம். பேத்திங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. மைனிக்கு கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரியும், ஒக்காந்து வாசிச்சாங்க, வந்தவங்க எல்லாரும் கேட்டுகிட்டு இருந்தாங்களாம்.

இன்னொண்ணு கேக்கணும். சனிக்கிழமை ராத்திரி ஓய்வுநாள அனுப்பி வைக்கிறப்ப வாசனைப்பொருள் மோந்து பாப்பாங்கல்லா, அதுக்கு மைனி இங்க இருந்து கொண்டு போன மாறாமலை கிராம்புதான் அந்த வீட்ல, அப்பச்சன் அதத்தான் கேப்பாராம். அடுத்து நான் பார்சல் அனுப்பும்போது கிராம்பு அனுப்பலாமா, துக்க வீட்டுக்கு அனுப்பினா தப்பா எடுத்துக்குவாங்களா? பொறவு ஆண்டு நெனவுநாள் எப்பன்னு மைனி காலண்டர்ல குறிச்சு வைக்கச் சொன்னாங்க, இங்கிலீஷ் தேதி போட்டா சரியா வருமா?

---

பூதப்பாண்டி கணேசன் எழுதியது:

இங்கிலீஷ் தேதி போடாதீங்க. அவங்க காலண்டர் நிலாவ வச்சு ஓடுறது, நம்ம திதி பாக்கற மாதிரியேதான். நம்மள்ல அதிக மாசம் வரும்ல, அதுபோல அவங்களுக்கும் 19 வருசத்துக்கு 7 தடவ ஒரு மாசம் கூட வரும். எங்க அப்பாவுக்கு வருசா வருசம் திதி தேதி மாறுற மாதிரி அப்பச்சன் நெனவுநாளும் மாறும். எபிரேய மாசமும் தேதியும் என்னன்னு மகன்ட்ட கேட்டு எழுதி வச்சிக்கிட்டா, அதுக்குன்னே வெப்சைட் இருக்கு, வருசத்த போட்டா காட்டும். ஆனா ஒரு விஷயத்த கவனிங்க, செவ்வா சாயங்காலம் பொழுது அடைஞ்ச பொறவு உயிர் போயிருந்தா அவங்க கணக்குல அது புதன்கிழம, அதனால நேரத்த சரியா கேட்டுக்கோங்க.

---

மேல்புறம் அக்கா எழுதியது:

கணேசன் அண்ணன் சொன்னதுதான் சரி. நெனவுநாளுக்கு முந்தின நாள் பொழுது அடையும்போதே 24 மணி நேரம் எரியிற மெழுகுவர்த்தி ஏத்துவாங்க, கண்ணாடி டம்ளர்லயோ தகர டப்பாலயோ கெடைக்கும், அங்க எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் இருக்கும். அந்த நாள் சனிக்கிழமை வந்தா வெள்ளியே, ஓய்வுநாள் வெளக்குக்கு முன்னால ஏத்திரணும், பொறவு தீ மூட்டக் கூடாது. மைனி மறக்காம வாங்கி வச்சிட்டா அம்மச்சிக்கு பெரிய ஒதவி, வயசானவங்க அதுக்குன்னு கடைக்கு அலைய வேண்டாம்.

கிராம்பு தாராளமா அனுப்புங்க, உடைக்காத பாக்கெட்டா, வேற எதுவும் கலக்காத முழுக் கிராம்பா. முப்பதாம் நாள் கல்லறைல கல்லு நாட்டி ஜெபம் பண்ணுவாங்க, அதுக்கு முன்னால போய்ச் சேந்திரும்னா நல்லது. புதன்கிழம அடக்கம்னா புதன மொதல் நாளா எண்ணுங்க, வர்ற செவ்வா காலைல ஏழு முடியும். அன்னைக்கு காலை ஜெபம் முடிஞ்சு கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எழும்பிருவாங்க, முழு நாளும் இருக்க மாட்டாங்க, மைனி அப்ப வீட்ல இருக்கறது நல்லது, கண்ணாடி மேல உள்ள துணிய எடுக்க அம்மச்சிக்கு கை எட்டாது.