கிரைம் டேட்டா எங்க தேடுறது? போலீஸ் கணக்க மட்டும் நம்பி தீசிஸ் எழுதலாமா?

தீசிஸ்_தவிப்பு:
வணக்கம் மக்களே. சோஷியாலஜி மாஸ்டர்ஸ் பண்றேன். வேலையில்லாத் திண்டாட்டம் கூடுனா வீடு புகுந்து திருடுறதும் கூடுதான்னு பாக்கறதுதான் தீசிஸ். ஒரு பத்து பதினஞ்சு நாட்டு டேட்டாவ எடுத்து வருஷவாரியா வெச்சு ரெக்ரெஷன் (ஒண்ணு மாறுனா இன்னொண்ணு எவ்ளோ மாறுதுன்னு பாக்கற கணக்கு) ஓட்டிடலாம்னு நினைச்சேன், ஆனா தேடுனா நியூஸும் ரெடிமேட் கிராஃபும்தான் வருது, சிஎஸ்வியா இறக்கிக்கற மாதிரி எதுவும் மாட்டல. கைடு "தேடிப் பாருங்க கிடைக்கும்"னு சொல்லிட்டார். போலீஸ் டேட்டாவ தொடவே கூடாதுன்னு ஒரு சீனியர் வேற பயமுறுத்துறாங்க. எங்க ஆரம்பிக்கலாம்? காசு கட்டாம கிடைக்கறதா சொல்லுங்க ப்ளீஸ்.

கோட்புக்_பைத்தியம்:
மொதல்ல அந்த பதினஞ்சு நாடு ஐடியாவ விட்ருங்க. டேட்டா இல்லாம இல்ல, யுஎன்ஓடிசின்ற ஐநாவோட போதைப்பொருள், குற்றப் பிரிவு சைட்லயே நாடுவாரியா திருட்டு, கொலை, ஜெயில்ல இருக்கவங்கன்னு எல்லாம் இறக்கிக்கலாம். ஆனா ஒரு நாட்டுல பூட்டு உடைக்க ட்ரை பண்ணாலே கணக்கு, இன்னொண்ணுல உள்ள போனாத்தான் கணக்கு, சில எடத்துல கடையும் வீடும் ஒரே தலைப்புல வரும். ஸ்வீடன்ல பாலியல் குற்ற எண்ணிக்கை ஏன் அவ்ளோ பெருசா தெரியுதுன்னு தேடிப் பாருங்க. ஒரே ஆள் பல தடவ பண்ணியிருந்தா ஒவ்வொரு தடவையும் தனித்தனியா எண்ணுவாங்க, புகார் வந்த உடனேயே பதிஞ்சுருவாங்க, சட்டத்துல அந்த வரையறையையும் 2005ல விரிவாக்கிட்டாங்க. இதெல்லாம் தெரியாம பக்கத்து நாட்டோட வெச்சு கிராஃப் போட்டா அது கிரைம் கிராஃப் இல்ல, கணக்கெழுதற முறையோட கிராஃப். இத சரி பண்ணத்தான் ஐநா 2015ல ஒரு பொது வகைப்பாடு கொண்டு வந்துச்சு, ஆனா பழைய வருஷங்கள யாரு திரும்ப எண்ணப் போறா. நாடு விட்டு நாடு ஓரளவு ஒப்பிடலாம்னா கொலை ஒண்ணுதான், ஏன்னா பொணத்த மறைக்கறது கஷ்டம், இறப்புப் பதிவுல இருந்து வர்ற டபிள்யூஎச்ஓ எண்ணோட ஒத்தும் பாத்துக்கலாம். உங்க கேள்வி திருட்டு பத்தி, அதனால ஒரே நாட்டுக்குள்ள மாவட்டம் மாவட்டமா பாருங்க.

பேனல்_பையன்:
மேல சொன்னதுக்கு ப்ளஸ் ஒண்ணு. எடம் கேட்டீங்கல்ல, மிச்சிகன் யுனிவர்சிட்டில ஐசிபிஎஸ்ஆர்னு ஒரு ஆர்கைவ் இருக்கு, அதுக்குள்ள கிரைமுக்குன்னே என்ஏசிஜேடின்னு 1978ல இருந்து ஒரு பகுதி ஓடுது. அமெரிக்க டேட்டா முக்கால்வாசி அங்கயே இருக்கு, நெறைய ஃபைல் ஃப்ரீ, அக்கவுண்ட் ஓப்பன் பண்ணா போதும். "ரெஸ்ட்ரிக்டட்"னு போட்ட ஃபைல் பக்கம் மட்டும் போகாதீங்க, அதுக்கு அப்ளிகேஷன், எத்திக்ஸ் அனுமதின்னு மாசக்கணக்கா இழுக்கும், மாஸ்டர்ஸுக்கு ஆகாது. இங்கிலாந்துன்னா யுகே டேட்டா சர்வீஸ்ல கிரைம் சர்வே இருக்கு, 1982ல ஆரம்பிச்சது. இந்தியான்னா என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) வருஷா வருஷம் போடற டேபிள், மாவட்டவாரியாவும் கிடைக்கும், ஆனா ஒரே கேஸ்ல நாலு குற்றம் இருந்தா பெரிய குற்றம் ஒண்ணத்தான் எண்ணுவாங்க, அத மறந்துராதீங்க.

தீசிஸ்_தவிப்பு:
ரொம்ப நன்றி! அப்ப அமெரிக்காவே எடுத்துக்கறேன். சர்வே டேட்டா இருக்கும்போது போலீஸ் டேட்டா எதுக்கு? நேரா சர்வேயவே எடுத்துட்டா சீனியர் வாயையும் அடைச்ச மாதிரி ஆச்சுல்ல?

கோட்புக்_பைத்தியம்:
அங்கதான் சிக்கலே. அமெரிக்காவுல இருக்கறது என்சிவிஎஸ்னு ஒரு சர்வே, குற்றத்துக்கு ஆளானீங்களான்னு 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள ஆறு மாசத்துக்கு ஒருக்கா கேட்டு, போலீஸுக்கு போகாத கேஸையும் சேத்துப் புடிக்கும். வீட்டுத் திருட்டுல கிட்டத்தட்ட பாதி போலீஸுக்கே போறதில்லன்றதே அதுல இருந்துதான் தெரியும். ஆனா பப்ளிக் ஃபைல்ல அந்த வீடு எந்த கவுண்டின்னு (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்காது, அடையாளம் தெரிஞ்சுரக் கூடாதுன்னு மறைச்சுருவாங்க. எடம் தெரியலன்னா அந்த ஊர் வேலையின்மைய எதோட ஒட்டுவீங்க? போலீஸ் டேட்டால எடம் இருக்கு, பாதி குற்றம் இல்ல. ரெண்டுல எது வேணும்னு உங்க கேள்விதான் சொல்லணும், உங்களுக்கு எடம் வேணும். புகார் குறைவா வர்ற ஊர் எப்பவுமே குறைவுதான்னா ஃபிக்ஸட் எஃபெக்ட் (ஊருக்கு ஊர் மாறாம இருக்கற வித்தியாசத்த கழிச்சுடற முறை) அத முழுங்கிடும். முழுங்காதது எதுன்னா, வேலை போனா சிலர் இன்சூரன்ஸும் கட்டாம விட்டுருவாங்க, இன்சூரன்ஸ் இல்லன்னா க்ளெய்முக்காக புகார் குடுக்க வேண்டிய அவசியமே இல்ல, அப்ப நிஜத்துல திருட்டு கூடியிருந்தாலும் போலீஸ் எண்ணுல தெரியாம போகலாம். இதப் பத்தி ஒரு பாராவாவது எழுதுங்க, வைவால கண்டிப்பா கேப்பாங்க.

சைபர்_இல்ல_மிஸ்ஸிங்:
லேட்டா வரேன், ஆனா யாரும் இத சொல்லல. எஃப்பிஐ போலீஸ் ஸ்டேஷன்கள்ட்ட இருந்து வாங்கற குற்றக் கணக்கு, அதாவது யுசிஆர், அதோட மாசாந்திர ஃபைல தொறந்ததும் மொதல்ல "எத்தன மாசம் ரிப்போர்ட் பண்ணாங்க"ன்ற பத்திய (column) பாருங்க. பல ஸ்டேஷனுக்கு பர்க்ளரி (வீடு, கடை புகுந்து திருட்டு) 0ன்னு இருக்கும், திருட்டே நடக்கலன்னு இல்ல, ரிப்போர்ட்டே அனுப்பலன்னு அர்த்தமா இருக்கலாம். சில மாசத்துல மைனஸ் 3ன்னு கூட வரும், பயந்துராதீங்க, முன்னாடி மாசம் எழுதுன கேஸ் பொய்னு தெரிஞ்சு இந்த மாசத்துல கழிச்சுருப்பாங்க, வருஷத்துக்கு கூட்டுனா பெரும்பாலும் சரியாயிரும். கவுண்டி லெவல்ல ரெடியா இருக்கற ஃபைல்ல விடுபட்ட ஸ்டேஷனுக்கு என்ஏசிஜேடிக்காரங்களே மதிப்பு போட்டு நிரப்பியிருப்பாங்க, அந்த முறைய 1994ல மாத்திட்டாங்க, அதனால அதுக்கு முன்னாடி வருஷங்கள ஒரே சீரிஸா ஒட்டாதீங்க.

தீசிஸ்_தவிப்பு:
ஐயோ தலை சுத்துது. அப்ப எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்? லேட்டஸ்ட் வரைக்கும் போகலாமா?

சைபர்_இல்ல_மிஸ்ஸிங்:
1994ல ஆரம்பிச்சு 2010க்கு அப்பால ரெசஷன் முழுசா அடங்குற வரைக்கும் வந்தா போதும், 2008 அடிக்கு உங்களுக்கு நல்ல ஏத்தயிறக்கம் கிடைக்கும். எவ்ளோ தள்ளிப் போனாலும் 2019ல நிறுத்திடுங்க. 2020ல வேலை போனது எக்கச்சக்கம், அதே சமயம் எல்லாரும் வீட்டுக்குள்ளயே கெடந்தாங்க, ஆள் இருக்கற வீட்ட எவன் உடைப்பான்? அந்த ஒரு வருஷம் உள்ள வந்தா வேலையின்மை கூடுனா திருட்டு குறையுதுன்னு மாடல் சொல்லும். 2021ல எஃப்பிஐ பழைய முறைய விட்டுட்டு நைபர்ஸ்க்கு (NIBRS, ஒவ்வொரு சம்பவத்தையும் விவரமா பதியற முறை) மாறுச்சு, நியூயார்க் லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய ஊர் போலீஸே அந்த வருஷம் முழுசா குடுக்கல. வேலையின்மை எண்ணு பிஎல்எஸ் (அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவரத் துறை) சைட்ல கவுண்டிவாரியா மாசா மாசம் இருக்கு. ரெண்டையும் ஒட்ட ஸ்டேஷன் கோடையும் கவுண்டி கோடையும் இணைக்கற க்ராஸ்வாக் ஃபைல் என்ஏசிஜேடிலயே கிடைக்கும், ஒரே போலீஸ் ரெண்டு மூணு கவுண்டில பரவியிருந்தா என்ன பண்றதுன்னு மட்டும் மொதல்லயே முடிவு பண்ணி மெத்தட்ஸ்ல எழுதிருங்க.

தீசிஸ்_தவிப்பு:
சரி, க்ராஸ்வாக் இறக்கிட்டு இருக்கேன். ஃபைல்ல எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்ற கோட்புக்கே நானூறு பக்கத்துக்கு மேல போகும் போலயே, எல்லாத்தையும் படிக்கணுமா?

கோட்புக்_பைத்தியம்:
வேண்டாம். மிஸ்ஸிங் வேல்யூ எப்படி குறிச்சிருக்காங்கன்ற பக்கமும் உங்க நாலஞ்சு வேரியபிள் பக்கமும் போதும். மிச்சத்த தேவைப்பட்டா சர்ச் பண்ணிக்கலாம்.